வரைந்தால் மனம் லேசாகுமா? கலைவழிச் சிகிச்சை பற்றித் தெரிந்துகொள்ளுங்கள்

"என்னாச்சு?" என்று அம்மா கேட்கிறார். "ஒண்ணும் இல்லம்மா" என்கிறீர்கள். பள்ளியில் ஆலோசகர் அதையே ஆங்கிலத்தில் கேட்கிறார். அங்கேயும் "ஐ ஆம் ஓகே" தான்.

மறைக்க வேண்டும் என்று நினைத்துச் சொல்வதில்லை. சில நேரம் சொல்லே கிடைப்பதில்லை. ஆங்ஸைட்டி என்பதை வீட்டில் தமிழில் எப்படிச் சொல்வது? "மனசு பாரமா இருக்கு" என்பதை ஆலோசகரிடம் ஆங்கிலத்தில் எப்படி விளக்குவது? இரண்டு மொழி தெரிந்தும் இரண்டிலும் வாய் அடைத்துப்போகிறது.

சிங்கப்பூரில் 2022ஆம் ஆண்டின் தேசிய மக்கள் சுகாதார ஆய்வில், 18 முதல் 29 வயது வரையிலானோரில் 25.3 விழுக்காட்டினரின் மனநலம் நன்றாக இல்லை என்று தெரியவந்தது. கிட்டத்தட்ட நான்கில் ஒருவர். மற்ற எல்லா வயதுப் பிரிவுகளையும்விட இது அதிகம்.

பேச்சு வராத நேரத்தில் முதலில் கைக்கு வேலை கொடுக்கும் ஒரு வழி இருக்கிறது. அதுதான் ஆர்ட் தெரபி எனப்படும் கலைவழிச் சிகிச்சை.

கலைவழிச் சிகிச்சை என்றால் என்ன?

பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் ஒருவர் உடனிருக்க, வரைவது, வண்ணம் தீட்டுவது, களிமண்ணில் உருவம் செய்வது, படங்களை வெட்டி ஒட்டுவது போன்றவற்றின் மூலம் மன உணர்வுகளைக் கையாளும் முறை இது.

ஆர்ட் தெரபி என்ற பெயர் 1942இல் பிரிட்டிஷ் ஓவியர் ஏட்ரியன் ஹில் வைத்தது. காசநோய் வந்து சானடோரியத்தில் படுத்திருந்தவர், பொழுது போகாமல் கட்டிலில் இருந்தபடியே வரையத் தொடங்கினார். அது தனக்கு உதவியதை உணர்ந்து மற்ற நோயாளிகளையும் வரையத் தூண்டினார். அதே காலக்கட்டத்தில் அமெரிக்காவில் மார்கரெட் நாம்பர்க் இதை உளவியல் சிகிச்சையோடு இணைத்து வளர்த்தார்.

சிங்கப்பூரில் லாசால் கலைக் கல்லூரி 2006இல் இதற்கான முதுகலைப் படிப்பைத் தொடங்கியது. 2008இல் சிங்கப்பூர்க் கலைச் சிகிச்சையாளர் சங்கம் அமைக்கப்பட்டது. இன்று மருத்துவமனைகள், பள்ளிகள், சமூக சேவை அமைப்புகள், மூத்தோர் பராமரிப்பு நிலையங்கள் எனப் பல இடங்களில் கலைச் சிகிச்சையாளர்கள் பணியாற்றுகின்றனர்.

அப்போ கலரிங் புத்தகமும் தெரபிதானா?

இல்லை. இங்கேதான் பலரும் குழம்பிப்போகிறோம்.

கலரிங் புத்தகம், வார இறுதிக் கேன்வாஸ் வகுப்பு, நண்பர்களோடு மண்பாண்டம் செய்வது எல்லாம் நல்லவைதான். மனத்துக்கு ஓய்வு தரும். தலைவலிக்கு வீட்டில் தைலம் தேய்ப்பது மாதிரி. தலைவலி தினமும் வந்தால் தைலத்தோடு நிறுத்திவிட மாட்டீர்கள், டாக்டரிடம் போவீர்கள். கலைவழிச் சிகிச்சை அந்த இரண்டாவது கட்டம்.

இதில் உங்களுக்கென்று ஓர் இலக்கு இருக்கும். தூக்கம், பயம், இழப்பு என எதற்காக வந்தீர்களோ அதை மனத்தில் வைத்துச் சிகிச்சையாளர் அமர்வுகளைத் திட்டமிடுவார். உள்ளே அடக்கி வைத்தது திடீரென வெளியே வந்தால் உங்களைத் தாங்கிப் பிடிக்கவும் அவருக்குத் தெரியும்.

எனக்கு வரையவே வராதே?

வர வேண்டியதில்லை. குச்சி மனிதன் போதும். ஒரே ஒரு கறுப்புக் கோடும் போதும்.

அமெரிக்காவின் டிரெக்ஸல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட சிறிய ஆய்வு இது. பெரியவர்கள் 39 பேர் களிமண், மார்க்கர் பேனா, ஒட்டுப்படம் ஆகியவற்றில் விரும்பியதை எடுத்து 45 நிமிடம் ஏதாவது செய்தனர். சுமார் 75 விழுக்காட்டினரின் உமிழ்நீரில் கார்ட்டிசோல் எனும் மனவுளைச்சல் ஹார்மோனின் அளவு குறைந்தது. கலை அனுபவம் உள்ளவர், இல்லாதவர் என்ற வேறுபாடு அதில் தெரியவில்லை.

அறைக்குள் என்ன நடக்கும்?

ஓர் அமர்வு பெரும்பாலும் 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை நீடிக்கும். தனியாகவும் போகலாம், குழுவாகவும் போகலாம்.

முதலில் கொஞ்சம் பேச்சு. பிறகு பொருள்கள். எதை எடுக்கிறோம் என்பதிலும் விஷயம் இருக்கிறது. பென்சில் நம் கட்டுப்பாட்டில் இருக்கும், தவறினால் அழிக்கலாம். வாட்டர்கலர் அப்படியில்லை, தானே ஓடும். ஏற்கெனவே மனம் கொந்தளிக்கும் ஒருவருக்குப் பென்சில் பாதுகாப்பாக இருக்கலாம். எல்லாவற்றையும் இறுக்கிப் பிடித்திருப்பவருக்கு, ஓடும் வண்ணம் கொஞ்சம் தளர்வு தரலாம். களிமண்ணை அழுத்தலாம், பிய்க்கலாம், மறுபடி உருட்டலாம்.

கற்பனையாக ஓர் எடுத்துக்காட்டு. பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி ஒருவர். தாத்தா இறந்து ஓராண்டு ஆகிறது. அதைப் பற்றி அவர் பேசுவதே இல்லை. அமர்வில் ஒரு புளோக் வரைகிறார். எல்லாச் சன்னலிலும் மஞ்சள் வெளிச்சம், ஒன்றில் மட்டும் இல்லை. "இந்தச் சன்னலைப் பற்றிச் சொல்றீங்களா?" என்று கேட்கிறார் சிகிச்சையாளர். "அது தாத்தா ரூம்" என்கிறார் மாணவி. அன்றைக்கு அவ்வளவுதான். ஆனால் ஓர் ஆண்டாக வராத வார்த்தை வந்துவிட்டது.

"தாத்தா இறந்தது உனக்கு எப்படி இருக்கு?" என்று நேராகக் கேட்டிருந்தால், "ஓகே" என்றுதான் பதில் வந்திருக்கும். சன்னலைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் சுலபம். பார்வை ஒருவர் முகத்தில் ஒருவர் விழாமல் தாளில் விழுகிறது.

மொழிப் பிரச்சினைக்கும் இது உதவும். படத்தின் ஓரத்தில் "பாரம்" என்று தமிழில் எழுதிவிட்டு, அதை ஆங்கிலத்தில் விளக்கலாம். இரண்டையும் கலந்து பேசலாம். தமிழ் பேசும் சிகிச்சையாளர் வேண்டுமென்றால் முன்கூட்டியே கேட்டுப் பாருங்கள்.

படத்தைப் பார்த்தே என் மனதைப் படிச்சிடுவாங்களா?

பலரையும் தயங்க வைக்கும் கேள்வி இது. கறுப்பு என்றால் சோகம், சிவப்பு என்றால் கோபம் என்று பட்டியல் ஏதும் கிடையாது. கறுப்பு உங்களுக்குப் பிடித்த நிறமாகவும் இருக்கலாம், பக்கத்தில் கிடந்த பேனாவாகவும் இருக்கலாம். படத்துக்கு என்ன பொருள் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். நல்ல சிகிச்சையாளர் கேட்பார், தீர்ப்புச் சொல்ல மாட்டார்.

பேச்சைப் போலவே படமும் ரகசியமாக வைக்கப்படும். உங்கள் அனுமதியின்றி அதைக் காட்சிக்கு வைக்கவோ இணையத்தில் போடவோ கூடாது. உங்களுக்கோ மற்றவருக்கோ ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் சிகிச்சையாளர் அதை உரியவர்களிடம் சொல்ல வேண்டியிருக்கும். முதல் சந்திப்பிலேயே இதைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாருக்கும் பலன் தருமா?

ஆய்வுகளின் பதில் ஒரே மாதிரி இல்லை.

2005இல் அமெரிக்க ஆய்வு ஒன்றில் கல்லூரி மாணவர்கள் 84 பேர் கலந்துகொண்டனர். மண்டலா வடிவத்துக்கோ கட்டம் போட்ட வடிவத்துக்கோ வண்ணம் தீட்டியவர்களின் பதற்றம், வெற்றுத் தாளில் விரும்பியபடி வண்ணம் தீட்டியவர்களைவிட அதிகம் குறைந்தது. வடிவத்தின் ஒழுங்கு மனத்தை ஓரிடத்தில் நிறுத்துகிறது என்பது ஒரு விளக்கம். பாட்டி புள்ளி வைத்துக் கோலம் போடுவதைப் பார்த்திருந்தால் அந்த அமைதி உங்களுக்குப் புரியும். ஆனால் அந்த ஆய்வு கோலத்தைச் சோதிக்கவில்லை.

2019இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட அறிக்கை 3,000க்கும் மேற்பட்ட ஆய்வுகளின் அடிப்படையில், நோயைத் தடுப்பதிலும் சிகிச்சையிலும் கலைகளுக்குப் பங்கு உண்டு என்றது.

மறுபக்கமும் இருக்கிறது. ஸ்கிசோஃப்ரினியா மனநோய் உள்ள 417 பேரிடம் பிரிட்டனில் நடத்தப்பட்ட ஆய்வின் முடிவுகள் 2012இல் வெளிவந்தன. வழக்கமான பராமரிப்போடு குழுக் கலைச் சிகிச்சையைச் சேர்த்ததால் அவர்களது நிலையில் கூடுதல் முன்னேற்றம் தெரியவில்லை.

ஆகவே மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்திவிட்டு இதற்கு மாறுவது தவறு. மருந்து, ஆலோசனை ஆகியவற்றோடு சேர்ந்து போகும் ஒரு துணை என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு.

யாரிடம் போவது?

பிரிட்டனில் ஆர்ட் தெரபிஸ்ட் என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. பதிவு செய்யாதவர் அதைப் பயன்படுத்த முடியாது. சிங்கப்பூரில் அத்தகைய சட்டம் இல்லை. எனவே நீங்களே விசாரிக்க வேண்டும்:

• கலைவழிச் சிகிச்சையில் முதுகலைப் பட்டம் உண்டா?
• தொழில்முறைச் சங்கத்தில் பதிவு செய்தவரா?
• என்னைப் போன்ற பிரச்சினை உள்ளவர்களோடு வேலை செய்த அனுபவம் இருக்கிறதா?
• ஓர் அமர்வுக்கு எவ்வளவு? எத்தனை அமர்வுகள் தேவைப்படலாம்?

இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. நல்ல சிகிச்சையாளர் தயங்காமல் பதில் சொல்வார். எங்கே தொடங்குவது என்று தெரியவில்லையா? பள்ளி ஆலோசகரிடமோ பலதுறை மருந்தக மருத்துவரிடமோ பேசுங்கள். 16 முதல் 30 வயது வரையிலானோர் சாட் எனும் இளையர் மனநலச் சேவையில் இலவசமாக மனநலத்தை மதிப்பிட்டுக்கொள்ளலாம்.

வீட்டில் என்ன செய்யலாம்?

இது சிகிச்சை இல்லை, ஆனால் ஒரு நல்ல தொடக்கம். கண்ணை மூடிக்கொண்டு ஒரு தாளில் அரை நிமிடம் கிறுக்குங்கள். கண்ணைத் திறந்து தாளை நான்கு பக்கமும் திருப்பிப் பாருங்கள். ஏதாவது உருவம் தெரிந்தால் அதற்கு வண்ணம் கொடுங்கள். பிறகு ஒரு தலைப்பு வையுங்கள். தமிழோ ஆங்கிலமோ, முதலில் வருவதே போதும். அமெரிக்கக் கலை ஆசிரியர் ஃபுளோரன்ஸ் கேன் பயன்படுத்திய முறை இது.

இரண்டு விஷயங்களை மட்டும் நினைவில் வையுங்கள். இன்ஸ்டாகிராமில் போடுவதற்காக வரையாதீர்கள். 'லைக்' எண்ணத் தொடங்கினால் மனம் வேறு பக்கம் போய்விடும். கொடுமையான சம்பவம் எதையாவது கடந்து வந்திருந்தால், அதைத் தனியாக உட்கார்ந்து வரைய வேண்டாம். வரையும்போது மூச்சு முட்டினாலோ கை நடுங்கினாலோ நிறுத்திவிட்டு, நம்பிக்கையான ஒருவரிடம் பேசுங்கள்.

உடனே உதவி வேண்டுமா?

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கம், பசி, படிப்பு, வேலை பாதிக்கப்பட்டிருந்தால் காத்திருக்காதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால், அந்த நிமிடமே அழையுங்கள். என்ன சொல்வது என்று யோசிக்க வேண்டாம். "எனக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்று தொடங்கினாலே போதும்.

தேசிய மனநல உதவி எண் (24 மணி நேரம்): 1771
எஸ்ஓஎஸ் அபயக்குரல் (24 மணி நேரம்): 1767
மனநலக் கழகத்தின் உதவி எண் (24 மணி நேரம்): 6389 2222