வெளிநாட்டு வேலையில் ஊதிய விடுப்பு: புதுச்சேரி வழியாக ஒரு வரலாறு

ஊதிய விடுப்பு என்பது, ஓய்வெடுக்கும் நாள்களுக்கும் சம்பளம் பெறும் உரிமை ஆகும். வெளிநாட்டில் புதிதாக வேலையில் சேர்பவருக்கு எத்தனை நாள் விடுப்பு என்பதோடு, அது எப்போது தொடங்குகிறது என்பதும் முக்கியம். பாகூர் கொம்யூனில் உள்ள செலியமேடு போன்ற ஊர்கள் 1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்தன. எனவே இப்பகுதியின் தொழிலாளர் வரலாறு பிரெஞ்சுச் சட்டங்களோடு பிணைந்தது.

ஒப்பந்தக் கூலிக் காலம்

19ஆம் நூற்றாண்டில் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ரீயூனியன் முதலிய தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் கப்பலேறினர். 1861இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட உடன்படிக்கை, வாரத்தில் ஆறு நாள், நாளுக்கு ஒன்பதரை மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது என்றது. ஒப்பந்தக் காலம் ஐந்து ஆண்டுகள். அது முடிந்த பிறகே ஊர் திரும்ப இலவசப் பயணம் கிடைக்கும்.

1936இன் திருப்பம்

1936 மே, ஜூன் மாதங்களில் பிரான்சில் பெரும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. அவற்றின் விளைவாக ஜூன் 20ஆம் நாள் ஊதிய விடுப்புச் சட்டம் பிறந்தது. ஓராண்டு பணி முடித்தவருக்கு 15 நாள், ஆறு மாதம் முடித்தவருக்கு ஒரு வாரம் என்று அது வகுத்தது.

அதே ஆண்டு ஜூலை 30ஆம் நாள் புதுச்சேரி சவானா ஆலைத் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து, 12 பேர் உயிரிழந்தனர். வ. சுப்பையா முன்னின்ற இப்போராட்டத்தைத் தொடர்ந்து, 1937 ஏப்ரல் 6ஆம் நாள் ஆணையால் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை சட்டமானது.

பிரான்சில் விடுப்பு 1956இல் மூன்று வாரமாகவும், 1969இல் நான்கு வாரமாகவும், 1982இல் ஐந்து வாரமாகவும் உயர்ந்தது. காத்திருப்புக் காலமும் குறைந்தது. 2012 முதல், வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே மாதத்துக்கு இரண்டரை நாள் வீதம் விடுப்பு சேர்கிறது. 1962இல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொண்ட புதுச்சேரிக் குடும்பத்தினருக்கும், இன்று இந்தியக் கடவுச்சீட்டோடு அங்கே முறையாக வேலைக்குச் செல்பவருக்கும் இவ்விதி ஒன்றே.

பிற நாடுகளில்

- இந்தியா: 2025 வரை நடப்பில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டப்படி, ஓராண்டில் 240 நாள் உழைத்தவருக்கு, உழைத்த 20 நாளுக்கு ஒரு நாள் வீதம் மறு ஆண்டில் விடுப்பு கிடைத்தது.
- சிங்கப்பூர்: மூன்று மாதம் முடிந்த பின் உரிமை தொடங்கும், முதல் ஆண்டுக்கு 7 நாள். வீட்டுப் பணியாளர்கள் இந்த வேலைவாய்ப்புச் சட்டத்தின் கீழ் வருவதில்லை.
- ஐக்கிய அரபு அமீரகம்: 2021ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆறு மாதத்துக்குப் பின் மாதத்துக்கு இரண்டு நாள், ஓராண்டு முடிந்தால் ஆண்டுக்கு 30 நாள்.

இன்றைய பொருள்

முதல் ஆண்டில் வீட்டில் இழவு விழுந்தாலும் ஊருக்கு வர முடியாமல் தவிப்போர் இன்றும் உண்டு. ஒன்றரை நூற்றாண்டில் ஐந்து ஆண்டுக் காத்திருப்பு சில நாடுகளில் ஒரு நாள்கூட இல்லாமல் போனது. சில நாடுகளில் இன்னும் நீடிக்கிறது. ஆகவே புறப்படுமுன் ஒப்பந்தத்தில் சம்பளத்தைப் பார்ப்பதோடு, விடுப்பு எந்த மாதத்திலிருந்து தொடங்குகிறது, வேலையை விட்டு விலகினால் எடுக்காத விடுப்புக்குப் பணம் உண்டா என்பவற்றையும் படித்தறிந்த பின்னரே கையொப்பமிட வேண்டும்.