தியாகதுருகமும் ஜடேஜாவும்: ஓர் ஆள்மாற்று வழக்கு

மலர்க் குழு நண்பர்கள் தொலைபேசியில் பிடித்துக்கொண்டார்கள். “வரலாறு படிச்சவன்னு பேரு, நாலு பக்கம் எழுதக் கூடாதா?” என்று. சரி, நம் ஊர்க் கோட்டையைப் பற்றி எழுதி அனுப்பிவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் பேனா வேறு பக்கம் போய்விட்டது. குற்றம் என்னுடையதல்ல. 2025 நவம்பர் 15, சனிக்கிழமையன்று மலை தெரியும்படி உட்காரும் அந்த டீக்கடையில் நம் செட் ஆட்கள் நால்வர் போட்ட சண்டையே காரணம்.

விஷயம் அனைவரும் அறிந்ததே. அன்று காலை சென்னை சூப்பர் கிங்ஸ் அணி ரவீந்திர ஜடேஜாவையும் இங்கிலாந்தின் சாம் கரனையும் ராஜஸ்தான் ராயல்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டது என்று அறிவிப்பு வந்தது. நான் போவதற்குள் இரண்டு ரவுண்டு டீ முடிந்திருந்தது.

“பெத்த புள்ளையக் கொடுத்துட்டு தத்துப்புள்ள எடுக்குறாங்கடா. இதுல பெருமை வேற!” என்றான் மரவள்ளி போட்டு நஷ்டப்பட்ட நம் விவசாய நண்பன். எதிரே இருந்தவன் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவன். எதையும் வரவு, செலவு என்று இரண்டு பத்தி போட்டுத்தான் பார்ப்பான். “டேய், பாசத்தை விடு. தோனிக்கு அப்புறம் ஸ்டம்புக்குப் பின்னாடி யாரு நிப்பா? உன் மச்சானா?” என்று மடக்கினான். மூன்றாமவன் ரெண்டு பக்கமும் தலையாட்டினான். அவன் கல்லூரியிலும் அப்படித்தான். நான்காமவன் நான்.

முதலில் ஜடேஜா கட்சியின் வாதம். 2012 ஏலத்தில் இருபது லட்சம் டாலர் கொடுத்து சென்னை அவரை வாங்கியது. அணி தடையில் இருந்த 2016, 2017 இரண்டு ஆண்டுகள் நீங்கலாக அவர் சென்னையின் ஆள்தான். 2022-க்கு முன் ஆட்களைத் தக்கவைத்தபோது அவருக்கு 16 கோடி, தோனிக்கே 12 கோடி. அந்த ஆண்டு தலைமைப் பொறுப்பையும் கொடுத்துப் பார்த்தார்கள்; எட்டு ஆட்டத்தில் இரண்டுதான் வெற்றி, பொறுப்பு மறுபடி தோனியிடமே போனது. அந்த மனக்கசப்போடு அவர் போயிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். போகவில்லை. 2023 இறுதி ஆட்டம், அகமதாபாத், மழை, நள்ளிரவு தாண்டிவிட்டது, கடைசி இரண்டு பந்தில் பத்து ஓட்டம். மோகித் சர்மா பந்து. ஒரு சிக்சர், ஒரு பவுண்டரி! அன்றிரவு தியாகதுருகத்தில் வெடித்த வெடி தீபாவளிக்குக் கூட வெடித்ததில்லை. “அந்த ரெண்டு பந்துக்கு வட்டி போட்டாலே ஆயுசுக்கும் வெச்சுக்கணும்யா” என்பது விவசாயியின் வாதம்.

வங்கிக்காரன் வாதம் வேறு. 2025-ல் சென்னை பதினான்கு ஆட்டத்தில் நான்கே வென்று பட்டியலில் கடைசி, பத்தாவது இடம். சென்னை அணியின் வரலாற்றில் முதல் முறை. (ராஜஸ்தானும் நான்குதான் வென்றது, ஒன்பதாவது இடம். கடைசி இரண்டு பேரும் தங்களுக்குள் சாமான் மாற்றிக்கொண்டார்கள் என்று வேடிக்கையாகச் சொல்லலாம்.) முதல் ஆறு ஓவரில் அடித்து ஆட ஆள் இல்லை என்பதே சென்னையின் நோய். ஜடேஜாவுக்கு வயது 37 நெருங்குகிறது, சாம்சனுக்கு 31. அவர் கீப்பர், முன்வரிசை ஆட்டக்காரர், தலைவராக ராஜஸ்தானை 2022-ல் இறுதி ஆட்டம் வரை கொண்டு போனவர். பக்கத்து மாநிலக்காரர் வேறு.

கணக்கையும் காகிதத்தில் போட்டுக் காட்டினான். ஜடேஜாவின் சம்பளம் சென்னையில் 18 கோடி. அதை 14 கோடியாகக் குறைத்துக்கொண்டு ராஜஸ்தான் போனார். சாம் கரனுக்கு 2 கோடியே 40 லட்சம். சாம்சன் 18 கோடிக்கு அப்படியே வந்தார். ஆக, சென்னையின் பையிலிருந்து 20 கோடியே 40 லட்சம் இறங்கி 18 கோடி ஏறியது. மிச்சம் 2 கோடியே 40 லட்சம். “லாபமா நஷ்டமா, நீயே சொல்லு” என்றான்.

நான் அன்று பதில் சொல்லவில்லை. ஒரு மாதம் கழித்து டிசம்பர் 16-ம் தேதி அபுதாபியில் நடந்த ஏலம்தான் அவன் கணக்கில் விடுபட்ட வரியைக் காட்டியது. 43 கோடியே 40 லட்சம் ரூபாயோடு போன சென்னை, உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த இருபது வயது பிரசாந்த் வீரை 14 கோடியே 20 லட்சத்துக்கு எடுத்தது. இடதுகை சுழல், இடதுகை மட்டை. அதாவது, ஜடேஜா வார்ப்பு! இந்தியாவுக்காக ஒரு ஆட்டம்கூட ஆடாத பையன். ஜடேஜா போன விலையைவிட இருபது லட்சம் அதிகம். இன்னொரு இளம் கீப்பர் கார்த்திக் சர்மாவுக்கும் அதே விலை. ஆகவே இந்த மாற்றின் உண்மையான செலவை 18 கோடியோடு நிறுத்த முடியாது. மாட்டை விற்று மாடு வாங்கினவன், விற்ற மாட்டின் இடத்துக்கு இன்னொரு கன்று வாங்கியதையும் சேர்த்தல்லவா கணக்குப் பார்க்க வேண்டும்?

சரி, இந்த ஆள்மாற்று எப்போது தொடங்கியது? ஐ.பி.எல். இரண்டாம் ஆண்டான 2009-லேயே. ஜாகீர்கான் பெங்களூரிலிருந்து மும்பைக்கு, ராபின் உத்தப்பா மும்பையிலிருந்து பெங்களூருக்கு. ஆஷிஷ் நெஹ்ரா டெல்லிக்கு, ஷிகர் தவன் மும்பைக்கு. இளைஞரான தவன் பிற்காலத்தில் எங்கே போய் நின்றார் என்று எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கு டெல்லி ரசிகர்கள் கொடுத்தவனைவிட வந்தவனைத்தான் பெரிதாகப் பேசினார்கள்.

ஏலத்துக்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. ஏலம் ஊரறிய நடக்கும். மாற்று என்பது நம் மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கைவிட்டு விரல் பிடித்துப் பேசும் பேரம் மாதிரி; துண்டை எடுத்த பிறகுதான் ஊருக்கு விலை தெரியும். ஆனால் ஒரு நல்ல விதி இருக்கிறது: ஆட்டக்காரரின் சம்மதம் இல்லாமல் இந்தப் பேரம் முடியாது. அணிகளை விட்டுவிட்டு ஆட்டக்காரர் தானாகப் பேசினாலோ தொலைந்தார். அதற்கு உதாரணம் வேறு யாருமில்லை, ஜடேஜாவேதான்! 2008-ல் முதல் கோப்பை வென்ற ராஜஸ்தான் அணியில் பத்தொன்பது வயதுப் பையனாக இருந்தவர். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் வேறு அணியோடு பேசினார் என்று 2010 முழுவதும் ஆடவிடாமல் தடை செய்தார்கள். அன்று குற்றமானது 2025-ல் முறைப்படி நடந்து, அதே ராஜஸ்தானுக்கே அவரைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டது. இதைச் சொன்னபோது விவசாயி கொஞ்சம் சமாதானமானான். “அப்போ பொறந்த வீட்டுக்குத்தான் போயிருக்காரு” என்றான்.

ரசிகனின் தீர்ப்பு எவ்வளவு நாள் தாங்கும் என்பதற்கு மும்பையைப் பாருங்கள். 2023 நவம்பரில் ஹர்திக் பாண்ட்யாவைக் குஜராத்திலிருந்து திரும்ப வாங்கினார்கள். அடுத்த மாதமே ரோகித் சர்மாவை விலக்கி அவரைத் தலைவராக்கினார்கள். 2024 முழுவதும் சொந்த மைதானமான வான்கடேயிலேயே கூச்சல், வசை. மும்பை பத்தாவது இடம். “பார்த்தியா, அப்பவே சொன்னேன்ல” என்று நாமும்தான் சொன்னோம். அடுத்த சில வாரத்தில் உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தின் கடைசி ஓவரை அதே ஹர்திக் வீசி ஜெயித்துக் கொடுத்தார். ஜூலை 4-ம் தேதி அதே வான்கடேயில் அதே ஜனம் அவர் பேரைச் சொல்லிக் கத்தியது.

எதிர் உதாரணமும் நம் வீட்டிலேயே உண்டு. 2021 தொடக்கத்தில் ராஜஸ்தானிலிருந்து உத்தப்பாவைச் சென்னை வாங்கியபோது, “வயசான ஆளுங்களுக்கு முதியோர் இல்லமா நடத்துறாங்க?” என்று கேலி செய்தவர்களில் அடியேனும் ஒருவன். அந்த ஆண்டு தகுதி ஆட்டத்தில் டெல்லியோடு 63, இறுதி ஆட்டத்தில் கொல்கத்தாவோடு 15 பந்தில் 31. கோப்பை சென்னைக்கு. ஆகவே ஒரு மாற்றை அன்றன்று தெரிந்ததை வைத்துத்தான் எடை போட வேண்டும் என்பது என் கட்சி. அப்புறம் வந்த ஓட்டத்தையும் விக்கெட்டையும் வைத்து எடை போடுவது, பரீட்சை முடிந்து விடைத்தாளைப் பார்த்துக்கொண்டு மார்க் போடுவது மாதிரி. அந்த எடையில் சென்னை செய்தது பிழையல்ல என்றே எனக்குப் படுகிறது. சாம் கரனையும் சேர்த்துக் கொடுத்ததுதான் கை நீளம்.

இந்தச் சண்டை நடந்த அதே வாரத்தில் அமெரிக்காவில் டல்லாஸ் நகரத்தில் இருக்கும் நம் செட் நண்பன் போன் செய்தான். “உங்க சண்டையெல்லாம் சண்டையாடா? இங்க வந்து பாரு” என்றான். அங்கே கூடைப்பந்து. 2025 பிப்ரவரி தொடக்கத்தில் டல்லாஸ் மாவரிக்ஸ் அணி, லூக்கா டான்சிச் என்ற ஆட்டக்காரரை லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸுக்குக் கொடுத்துவிட்டு ஆண்டனி டேவிஸை வாங்கியது. டான்சிச்சுக்கு வயது 25. முந்தைய ஆண்டுதான் அணியை இறுதித் தொடர் வரை தூக்கிச் சென்றவர். அவருக்கே முன்கூட்டித் தெரியாது! அங்கே பெரும்பாலான ஆட்டக்காரர்களிடம் சம்மதம் கேட்கும் வழக்கமில்லை. ரசிகர்கள் மைதானத்துக்கு வெளியே சவப்பெட்டி கொண்டுவந்து வைத்து துக்கம் காத்தார்கள். ஏப்ரல் 9-ம் தேதி டான்சிச் லேக்கர்ஸ் ஆளாக டல்லாஸுக்கு வந்து 45 புள்ளி போட்டார். சொந்த ஊர்க்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள், எதிரணி ஆட்டக்காரனுக்கு! மாதக்கணக்கில் “அவனை நீக்கு” என்று கோஷம் கேட்ட மேலாளர் நிக்கோ ஹாரிசனை நவம்பர் 11-ம் தேதி வேலையை விட்டு அனுப்பினார்கள். நம் ஜடேஜா போனது அதற்கு நான்காம் நாள்.

போனை வைத்ததும் எதிரே மலையைப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது: நம் ஊரே ஒரு காலத்தில் இப்படிக் கைமாறிய ஊர்தானே!

1760 ஜனவரியில் வந்தவாசியில் அயர் கூட்டிடம் தோற்றபின் பிரெஞ்சுத் தளபதி லாலி புதுச்சேரிக்குள் முடங்கினார். படையில்லை, சோறில்லை. மைசூரின் ஹைதர் அலியோடு பேரம் பேசினார். மைசூர் படை தரும், உணவுப் பொருள் தரும். பதிலுக்குத் தியாகதுருகம் கோட்டை மைசூருக்கு. கையெழுத்தானது. ஹைதரின் மைத்துனர் மக்தூம் அலி படையோடு இறங்கி வந்தார். ஜூலையில் திருவதிகைப் பக்கம் ஆங்கிலேயர் படை ஒன்றை அடித்து விரட்டவும் செய்தார். அன்றைய புதுச்சேரி ரசிகன் எவனாவது இருந்திருந்தால் “பிரமாதமான மாற்று!” என்றுதான் சொல்லியிருப்பான். ஆனால் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் காண்டே ராவ் ஹைதருக்கு எதிராகத் திரும்பிவிட்டார். ஹைதரின் தலையே தப்புமா என்ற நிலை. படையைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. சில வாரத்தில் நம் கோட்டையும் ஆங்கிலேயர் கைக்குப் போனது. கொடுத்தவனுக்கும் இல்லை, வாங்கியவனுக்கும் இல்லை. மலையடிவாரத்தில் குடியிருந்தவனிடம் சம்மதக் கையெழுத்து யாரும் வாங்கியதாகத் தெரியவில்லை.

இதை எழுதும்போது நம் விடுதியின் கூடைப்பந்து ஞாபகம் வராமல் இருக்குமா? மூன்றாம் ஆண்டு. பிளாக்குகளுக்கு இடையே போட்டி. நம் பிளாக்கில் குள்ளமான ஒருத்தன், பந்தைத் தட்டிக்கொண்டு ஓடினால் பிடிக்க முடியாது. எதிர் பிளாக்கில் கல்வராயன் மலைப் பக்கத்திலிருந்து வந்த ஆறடிப் பையன். அணித் தலைவன் நான். ராத்திரி மெஸ்ஸில் எதிர் பிளாக் தலைவனோடு பேசி, அவனைக் கொடு, இவனை எடுத்துக்கோ என்று அறையையே மாற்றி ஏற்பாடு செய்துவிட்டேன். குள்ளனிடம் கேட்கவில்லை. மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவன் படியிறங்கியபோதுதான் அவனுக்குச் சொன்னேன். “சரி மாப்ளே” என்றான். அவ்வளவுதான்.

போட்டியில் நாம் ஜெயித்தோம். ஆறடிப் பையன் வளையத்துக்கடியில் நின்று விழுந்த பந்தையெல்லாம் பொறுக்கினான். கணக்குப்படி என் வாழ்க்கையிலேயே சிறந்த பேரம் அதுதான். குள்ளன் அதற்குப்பின் நம் மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. பரீட்சைக்குக் குறிப்பு கேட்டால் கொடுப்பான், சிரிப்பான், போய்விடுவான். நாற்பது வருஷத்தில் இரண்டு கல்யாணப் பத்திரிகை அனுப்பியிருக்கிறேன். மொய் மட்டும் யார் மூலமாவது வந்துவிடும்.

டீக்கடையில் இதைச் சொல்லி முடித்தபோது வங்கிக்காரன் காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான். “அவன் ரீயூனியனுக்குப் பேர் கொடுத்திருக்கான், தெரியுமா?” என்றான். எனக்குத் தெரியாது. விடுதியில் இரவு தங்குபவர்கள் பட்டியலை நேற்று மலர்க் குழுவிடம் வாங்கிப் பார்த்தேன். அவன் பழைய அறை எண்ணுக்கு எதிரே இன்னும் யார் பேரும் எழுதவில்லை. அவனுக்கு அந்த அறை வேண்டுமா என்று, இந்த முறை, அவனிடமே போனில் கேட்கச் சொல்லியிருக்கிறேன்.