அலுவிகாரையில் யாரிடம் அனுமதி கேட்டார்கள்?

மாத்தளை டவுனிலிருந்து ஏ9 வீதியில் தம்புள்ளைப் பக்கம் கொஞ்சத் தூரம் போனால் அலுவிகாரை. அதுவரை மனப்பாடமாகவே இருந்த திரிபிடகத்தை, கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், பிக்குகள் இங்கேதான் ஓலையில் எழுதினார்கள் என்பது மரபு. அப்போது போரும் பஞ்சமும். (மன்னனைத் துரத்தியவர்கள் தமிழ்த் தலைவர்கள், அதையும் சொல்லத்தானே வேணும்.) பாடம் தெரிந்தவர் செத்தால் பாடமும் செத்துப்போகும் என்ற பயம்தான் எழுத வைத்தது.

1848 மாத்தளைக் கிளர்ச்சியின்போது விகாரையின் ஓலைகளில் பெரும்பகுதி அழிந்தது. திரிபிடகம் அழியவில்லை. பர்மாவிலும் சீயத்திலும் அதற்குள் எத்தனையோ கொப்பிகள்! 1868இல் மாண்டலேயில் மின்டோன் மன்னன் அதை 729 பளிங்குக் கற்களில் வெட்டியே முடித்துவிட்டான். அனுமதிக் கடிதம் யாரும் கேட்கவில்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்தபோது போனது ஏறத்தாழ 97,000 நூல்கள். அவற்றில் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் இருந்தன. அவை திரும்பவில்லை.

மன்னாரில் இறங்கிக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்த நம் ஆட்கள் இதே மாத்தளை வழியாகத்தான் மலையேறினார்கள். அவர்கள் லயத்தில் பாடிய பாட்டும் ஓலையில்லாத பாடம்தான். சி. வி. வேலுப்பிள்ளை போன்றவர்கள் தேடித் தொகுத்ததால் கொஞ்சம் மிஞ்சியது. அந்தப் பாட்டு யாருடையது? 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தைப் பாருங்கள்: நாட்டார் கலையை வணிகத்துக்குப் பயன்படுத்த அனுமதி தரும் உரிமை, அமைச்சர் நியமிக்கும் ஓர் அதிகாரியிடம். அதற்குக் கட்டணமும் உண்டு. 1948இல் பாடியவர்களின் குடியுரிமையைப் பறித்த அரசு, பாட்டுக்கு மட்டும் காவலாம்!

அச்சான நூல்களின் கதை இன்னும் சிக்கல். ஆசிரியர் இறந்தபின் 70 வருடம் உரிமை தொடரும். சி. வி. இறந்தது 1984இல். கணக்குப் போட்டால் 2054. கைக்காசு போட்டுச் சில நூறு பிரதி அடித்த ஒரு தோட்டத்து எழுத்தாளரை நினையுங்கள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தோடு சொந்தத்தில் பாதி இந்தியாவுக்குப் போயிற்று, மிச்சம் எங்கெங்கோ. 2005இலிருந்து ஈழத்து நூல்களை இணையத்தில் ஏற்றிவரும் நூலகம் திட்டம் யாரைத் தேடிப் பிடித்துக் கையெழுத்து வாங்கும்? அதற்குள் கறையான் வாங்கிவிடும்.

புலமைச் சொத்து என்பதே வேண்டாம் என்பதுதான் எங்கள் நிலைப்பாடு. அப்படியென்றால் எழுத்தாளன் சாப்பிட வேண்டாமா என்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் மலையக எழுத்தாளர்களில் எத்தனை பேர் ராயல்டியில் அடுப்பெரித்தார்கள்? தமிழ்நாட்டில் 1949இல் பாரதி பாடல்களின் உரிமையை அரசே எடுத்து, பிறகு பொதுவில் விட்டது. நாட்டுடைமையாகும் நூல்களுக்குக் குடும்பத்தாருக்குப் பணமும் தருகிறார்கள். வழி இல்லாமல் இல்லை.

சட்டம் மாறும்வரை கிரியேட்டிவ் காமன்ஸ் இருக்கிறது. வீட்டில் தாத்தாவோ அத்தையோ எழுதிய புத்தகம் இருந்தால் இந்த வாரமே கேளுங்கள். “என் பெயரைச் சொல்லி யாரும் பிரதி எடுக்கலாம், பகிரலாம், மாற்றலாம்” என்று ஒரு வரி, கீழே கையெழுத்து, திகதி. அவர்கள் இருக்கும்போதே.