ஹூ இல்லாத ஊர்

காரமடைத் தேர்க் கூட்டத்துல ஒருத்தரை அடையாளம் சொல்லணும்னா, "நேத்து நம்ம ஊட்டுக்கு வந்த ஆளுங்க" என்றால் போதும். ஆங்கிலத்தில் ஆள் முன்னால் வந்துவிடுவார். பின்னாலேயே ஒரு 'ஹூ' வேண்டும்.

1856-இல் வெளியான தன் ஒப்பிலக்கணத்தில், திராவிட மொழிகளில் இந்த 'ஹூ' இல்லை, அதன் வேலையைப் பெயரெச்சம் செய்கிறது என்று விளக்கினார் கால்டுவெல். தொல்காப்பியமோ, பெயரெச்சம் எதையெல்லாம் ஏற்கும் என்றே பார்த்தது: இடம், பொருள், காலம், கருவி, செய்பவர், செயல் என்று ஆறு. வந்த ஆள், வந்த நாள், நாங்க வந்த பஸ், தங்கின வீடு. ஆங்கிலம் ஹூ, வென், விச், வேர் என்று ஆள் மாற்றும் இடத்தில் நமக்கு ஒரே அச்சு.

சிக்கலும் உண்டு. "வாத்தியார் அடிச்ச பையன்" அடி வாங்கியவன். "வாத்தியாரை அடிச்ச பையன்" கொடுத்தவன். குற்றவாளி யார் என்பதை ஒரு 'ஐ' தீர்மானிக்கிறது. ஆங்கிலத்தில் அதைச் சொல்வரிசை தீர்மானிக்கும்.

'ஹூ' என்றால் 'யார்' என்று மட்டும் படித்த பிள்ளை, வாக்கியத்தின் நடுவே அதைப் பார்த்ததும் கேள்வி என்று நினைத்துத் திகைக்கிறது. "வந்த ஆள்" என்பதைத் திருப்பிப் போடச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. அந்த இலக்கணம் அதன் வாயில் ஏற்கெனவே இருக்கிறது.