மாலையும் பின்னேரமும்



‘ஈவினிங்’ என்ற ஆங்கிலச் சொல் இன்று ஓலைத்தொடுவாய்க் கரையிலும் தாராளமாய்ப் புழங்குகிறது. அதன் பிறப்பை நோக்குவோம்.

பழைய ஆங்கிலத்தில் பொழுது சாயும் வேளைக்கு ‘ஏவன்’ என்பது பெயர். பொழுது சாய்ந்து வருதலைக் குறித்த ‘ஏவ்னுங்’ என்ற தொழிற்பெயரே பின்னர் ‘ஈவினிங்’ ஆயிற்று. சமம் எனப் பொருள்படும் ‘ஈவன்’ வேறு சொல். இரண்டும் பின்னாளில் ஒலியால் ஒன்றுபட்டன. ஏவனின் தேய்வே ‘ஈவ்’. திருநாள் முதல்நாள் மாலையிலேயே தொடங்கும் என்ற சமய மரபினால், அது பெருநாளின் முந்திய நாளையும் சுட்டலாயிற்று. மன்னார்க் கத்தோலிக்கர் பெருநாளுக்கு முதல்நாள் மாலை நடத்தும் ‘வேஸ்பர்’ வழிபாட்டின் பெயரும் மாலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லே.

மன்னார்க் கோட்டை மூன்று ஐரோப்பிய மொழிகளைக் கேட்டது. 1560இல் வந்த போர்த்துக்கேயர் இவ்வேளையைத் ‘தார்தே’ என்றனர். 1658இல் வந்த ஒல்லாந்தரின் ‘ஆவொன்ட்’, 1795இல் வந்த ஆங்கிலேயரின் ஈவினிங்குக்கு உறவுமுறைச் சொல். தார்தேயோ ‘தாமதமாக’ என்னும் இலத்தீன் சொல்லின் வழி வந்தது. பிரெஞ்சு மொழியின் ‘சுவார்’ என்பதன் வேரும் அப்பொருளினதே.

இனி நம் ‘பின்னேரம்’ என்ற சொல்லைப் பாருங்கள். பிந்திய நேரம் என்பதன்றி அதற்கு வேறென்ன பொருள்? தார்தேயைப் போலவே அதுவும் பிற்பகல் தொடங்கி இருள் சூழும்வரை நீள்கிறது. இவ்வொப்புமை கொண்டு அதனைக் கடன் எனல் பொருந்தாது; ஒத்த எண்ணம் ஈரிடத்தில் தனித்தனியே பிறத்தல் இயல்பே.

தொல்காப்பியர் மாலையை முல்லைக்கும் எற்பாட்டை நெய்தலுக்கும் உரியதாக்கினார். எல் என்பது ஞாயிறு. பாடு என்பது படுதல். ஞாயிறு சாயும் பிற்பகலே எற்பாடு என்பது பெருவழக்கு. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளும் மாணவனுக்கு முல்லையும் நெய்தலும் மயங்கிவிடும்.

ஏட்டில் மட்டுமா இவ்வேறுபாடு? பேச்சிலும் பின்னேரம் வேறு, வானம் சிவக்கும் செக்கல் வேறு, முகம் மங்கும் மைமல் வேறு. 2009வரை நீடித்த போர்க்காலத்தில், இரவுத் தொழிலுக்குத் தடை இருந்த நாள்களில், செக்கலுக்கும் மைமலுக்கும் இடைப்பட்ட அந்தச் சிறு பொழுதுக்குள் வள்ளம் கரை சேரவேண்டியிருந்தது. கரையில் காத்துநின்ற தாய்க்கு அவ்விரு சொற்களும் ஒன்றல்ல.

‘ஈவினிங் வாறன்’ என்பதில் குற்றமில்லை. ஆனால் எந்தப் பொழுதில் வருவான் என்பதை அச்சொல் சொல்வதில்லை. ‘மைமலுக்கு முதல் வந்திடு, தம்பி’ என்பதில் பொழுதும் இருக்கிறது, பதைப்பும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு நாம் கையளிக்க வேண்டியவை இச்சொற்களே.