குதா கி பஸ்தி: குடியேறியவருக்கே மனை

பாகிஸ்தானின் சிந்து மாகாணத்து ஹைதராபாத்தில் (நம் நாட்டு ஹைதராபாத் அல்ல) 1986-இல் தொடங்கிய குடியிருப்பு இது. குதா கி பஸ்தி என்றால் 'இறைவனின் குடியிருப்பு'.

அதற்கு முன் அரசு, சாலை, குடிநீர், சாக்கடை எல்லாம் போட்டு முடித்த பிறகே மனைகளை விற்றது. செலவோடு விலையும் ஏறியது. ஏழைக்கென ஒதுக்கிய மனையை வசதியுள்ளவர் வாங்கிச் சும்மா போட்டு வைத்தார். வீடில்லாதவர் புறம்போக்கு நிலம் விற்கும் தரகரிடம் போனார். அவரோ அலைக்கழிக்காமல் உடனே இடம் காட்டினார்.

நகர வளர்ச்சி ஆணையத் தலைமை இயக்குநர் தஸ்னீம் அஹ்மத் சித்தீகி அந்தத் தரகரின் வழியையே அரசு வழியாக்கினார். மனை கேட்பவர் குடும்பத்தோடு, சட்டி பானையோடு வரவேற்பு முகாமில் வந்து தங்க வேண்டும். அப்படித் தங்கியவருக்கே 80 சதுர கஜ மனை; சிறு முன்பணம், மீதி மாதத் தவணை. குடியேறாவிட்டால் ஒதுக்கீடு ரத்து. குடிசையோ கல்வீடோ அவரவர் சக்திக்கேற்பக் கட்டலாம். முதலில் லாரித் தண்ணீர்தான். பின்பு தெருவாசிகள் பணம் சேர்த்துக் குழாயும் சாக்கடையும் கொண்டுவந்தார்கள்.

இத்திட்டத்தின் உயிர் அந்த முகாம்தான் என்பேன். வருமானச் சான்றிதழைப் போலியாகக்கூட வாங்கிவிடலாம். சொந்த வீடுள்ளவர் பிள்ளைகுட்டிகளோடு வெட்டவெளியில் வந்து தங்க எளிதில் துணியமாட்டார்.

1995-இல் இதற்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. சித்தீகி பின்னர் சாயிபான் என்ற அமைப்பின் மூலம் கராச்சியிலும் இம்முறையைத் தொடர்ந்தார். அந்தச் சிறு முன்பணமும் இல்லாதவருக்கு மட்டும் இதிலும் வழி பிறக்கவில்லை.