மக்காச்சோளத்துக்குக் குளிர் தாங்கக் கத்துக்கொடுத்த 'களை'!

தியேட்டர்ல பாப்கார்ன், பீச்ல சுட்ட சோளக்கருது... நாம ஆசையா கொறிக்கிற மக்காச்சோளத்துக்குக் குளிர்னா ஆகவே ஆகாது. மண்ணோட வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனா விதை முளைக்கவே திணறும். முளைச்ச நாத்துலயும் ஒளிச்சேர்க்கை சரியா நடக்காம இலைகள் மஞ்சளாகிடும்.

காரணம், அதோட பூர்வீகம். சுமார் 9,000 வருஷங்களுக்கு முன்னாடி, தென்மேற்கு மெக்சிகோவில் இருக்கிற பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கோட வெயில்ல, 'டியோசின்டே' என்ற காட்டுப்புல்லிலிருந்து மனுஷங்க உருவாக்கின பயிர் இது. அப்போ கனடாவுலயும் ஜெர்மனியிலயும் இன்னிக்கு எப்படி விளையுது?

மலையில் கிடைச்ச சொந்தம்

மக்காச்சோளத்தை மக்கள் மெக்சிகோவோட மலைப்பகுதிகளுக்குக் கொண்டுபோனாங்க. அங்கே 'மெக்சிகானா' என்ற இன்னொரு வகை டியோசின்டே, குளிருக்குப் பழகி ஏற்கெனவே வளர்ந்துட்டிருந்தது. மகரந்தம் காத்துல பரவுறதால ரெண்டும் கலந்துபோச்சு. இன்றைய மக்காச்சோளத்தோட மரபணுத் தொகுதியில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு மெக்சிகானா கொடுத்தது என்கிறது, 2023-ல் வெளியான ஓர் ஆய்வு.

அப்படி வந்த ஒண்ணுதான் 'ஹெச்.பி.சி.1' மரபணுவோட மலை வடிவம். செல் சவ்வில் இருக்கிற ஒருவகைக் கொழுப்பை உடைக்கிறதுதான் இந்த மரபணுவோட வேலை. மலை வடிவத்துல அந்த வேலை சரியா நடக்காது. அதனால அந்தக் கொழுப்பு இலையில் சேரும். இதோட சேர்ந்து, பயிர் சீக்கிரமா பூக்குறதையும் விஞ்ஞானிகள் கவனிச்சிருக்காங்க. கோடை சின்னதா இருக்கிற ஊர்ல, பனி வர்றதுக்குள்ள கருது முத்தணும்னா சீக்கிரம் பூத்தே ஆகணும். இதே வடிவம் வட அமெரிக்கா, ஐரோப்பாவோட குளிர்ப்பகுதி ரகங்கள்லயும் இருக்கு.

ரெண்டு ரகம் சேர்ந்த கதை

1493-ல் கொலம்பஸ் ஸ்பெயினுக்குக் கொண்டுவந்த கரீபியன் ரகங்கள் வட ஐரோப்பாவுக்கு ஒத்துவரலை. பிறகு வந்து சேர்ந்தது, வடகிழக்கு அமெரிக்காவின் பூர்வகுடிகள் வளர்த்த, கெட்டியான மணிகள் கொண்ட 'நார்தன் ஃப்ளின்ட்'. 1950-கள்ல, ஐரோப்பிய ஃப்ளின்ட் ரகங்களை அதிக மகசூல் தர்ற அமெரிக்க 'டென்ட்' ரகங்களோட பிரெஞ்சு ஆராய்ச்சியாளர்கள் கலப்பு செஞ்சாங்க. குளிர் தாங்குற குணத்தை ஃப்ளின்ட்டும், விளைச்சலை டென்ட்டும் கொடுத்துச்சு. வட ஐரோப்பாவில் மக்காச்சோளம் வேகமா பரவினது அதுக்கப்புறம்தான்.

இப்போ ஏன் முக்கியம்?

கோடை வறட்சி கூடிட்டே போறதால, முன்கூட்டியே விதைச்சுத் தப்பிக்க ஐரோப்பிய விவசாயிகள் நினைக்கிறாங்க. ஆனா சீக்கிரம் விதைச்சா இளம் நாத்து குளிர்ல மாட்டும். 'ஒரே ஒரு மரபணுவை மாத்தினா போதும்'னும் சொல்ல முடியாது. முளைப்பு, வேர், ஒளிச்சேர்க்கைன்னு ஒவ்வொண்ணுலயும் பல மரபணுக்கள் கொஞ்சம் கொஞ்சமா பங்கு வகிக்குது. அதனாலதான் பழைய நாட்டு ரகங்களும் காட்டுச் சொந்தங்களும் தேவைப்படுது.

மெக்சிகோ வயல்கள்ல மெக்சிகானா இன்னிக்கும் களையா முளைக்குது. விவசாயிகள் பிடுங்கி எறியுற அந்தப் புல்லுலதான், நாளைய மக்காச்சோளத்துக்கான கம்பளியும் இருக்கலாம்!